மாறிப்போன தாம்பூலப் பை

எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாவதோடு சரி. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே இரண்டு முறை தொண்டையைச் செருமுகிறவள், ஊருக்கே கதை சொல்ல வந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் சாவைத் துப்பறிந்தேன் என்பதுதான் என் ஒரே தகுதி. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில். காலை பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டால், நிற்கிறவர்களின் பைகளெல்லாம் என் மடிக்கு வந்துவிடும். மறுக்கத் தெரியாதவள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல. அந்தத் திங்கட்கிழமை, அறுபது வயதிருக்கும் ஒருவர் பேசாமல் தன் பையை என் மடியில் வைத்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும், பிடித்திருந்த கம்பியை விட்டுச் சரிந்தார்.

பஸ் நின்றது. நாற்பது பேர் அவரைச் சுற்றி நெருக்கி நின்றுகொண்டு, காற்று வர விடு என்று ஒருவரையொருவர் திட்டினார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இறந்தவரின் செல்போனை யாரோ பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை பத்திரமாகத்தான் இருக்கிறது.

"யக்கா, அவரு பை எது?" என்றார் கண்டக்டர்.

நான் பதறி எழுந்ததில் என் பையும் அவர் பையும் கீழே கிடந்தன. இரண்டும் பச்சைத் துணிப்பை. இரண்டிலும் ஒரே மணமக்கள், ஒரே தேதி, ஒரே மண்டபம். கிள்ளையில் என் கணவரின் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுத்தவை. நம் ஊரில் கல்யாணம் முறிந்தாலும் தாம்பூலப் பை கிழியாது. கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதம். நான் கட்டியது புளிசாதம். பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, விபூதிப் பொட்டலம்.

கடையில் கூட வேலை செய்கிறவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது கொலதான். சோத்துல எதனா கலந்திருப்பாங்க. மோந்து பாரு."

டப்பா நிறைய இருந்தது. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் அவள் தளர மாட்டாள். முகர்ந்தேன். புளித்திருந்தது. கடலூர் வெயிலில் புளித்த தயிர்சாதமெல்லாம் விஷம் என்றால் பாதி ஊர் மிஞ்சாது. அடுத்தவர் டப்பாவை அப்படியே வைக்க மனசில்லாமல், சோற்றைக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுத் துலக்கி வெயிலில் கவிழ்த்தேன். தடயத்தை இவ்வளவு பளபளப்பாகக் காப்பாற்றியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் பையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு மணி நேரம் நின்ற பிறகு வாய் திறந்தது. "சார், என் டப்பா..."

"என்னாம்மா நீ? ஒரு மனுசன் பேரு ஊரு தெரியாம செத்துக் கெடக்கறாரு. ஒனக்குப் புளிசோறு கேக்குதா?" என்றார் ஏட்டு.

என் மூக்குக் கண்ணாடியும் ஹேர்பின்னும் இறந்தவரின் உடைமைகளாகப் பதிவாகியிருந்தன. பையில் அச்சடித்திருந்த கல்யாண வீட்டுக்கும் போன் போட்டு விசாரித்தாயிற்றாம். ஆயிரம் பேர் வந்தார்கள், யாரைச் சொல்ல என்று கேட்டார்களாம்.

"வியாழக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்போம். யாரும் வரலன்னா அனாதப் பொணம்னு பொதச்சிட வேண்டியதுதான்" என்றார். என் கையிலிருந்த பையை அவர் பார்க்கவில்லை. எடுத்துச் சொல்ல என்னாலும் முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மடியில் பையை வைத்தவரை மண்ணுக்குள் பேரில்லாமல் அனுப்புவதா என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுக் கிள்ளைக்குப் போனேன். அவர் முகம் எனக்குத் தெரியும். கல்யாண வீடியோவில் இருப்பார். நான்கு மணி நேர வீடியோ. சித்தி ரிமோட்டைக் கையை விட்டு விடவில்லை.

"இரு இரு, பாப்பா பொடவய பாரு. காஞ்சிபுரத்துல எடுத்தது."

பொறுத்துப் பொறுத்து, கடைசிப் பந்தியில் அவரைக் கண்டேன். அவருக்குப் பக்கத்து இலையில் தலையைக் குனிந்து சாப்பிடுகிற பெண், நான். முண்டியடிக்க வராது என்பதால் எனக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். வீடியோவில் அவர் பாயச வாளிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, என் இலையைக் காட்டுகிறார். பாயசம் விழுகிறது. நான் நிமிரவே இல்லை.

"அவரா? மாப்ள ஊட்டு ஆளு" என்றார் சித்தி. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார்.

"அய்யய்யோ, ஒங்க ஊட்டுப் பெரியவருன்னுல்ல நெனச்சோம்! ஃபேனுக்குக் கீழ சேரெல்லாம் போட்டமே!"

இரண்டு வீட்டாரும் போட்டி போட்டு உபசரித்திருக்கிறார்கள். வீடியோவை முகூர்த்தத்துக்குத் திருப்பச் சொன்னேன். கெட்டிமேளத்தின்போது, தவிலுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில் அவர். கையில் தாளம். மேளக்காரர்களுக்கும் கடைசிப் பந்திதானே.

நாதஸ்வரக்காரருக்குப் போன் போனது. "வடக்க கோயில் திருவிழா, திங்கக்கெழம வரேன்னான், வரல. போனும் எடுக்கல. எம்மேல கோவம் ஜாஸ்தின்னு நெனச்சி வேற ஆள வச்சி ஓட்டுனோம்." போனுக்கு அந்தப் பக்கம் யாரையோ தவிலை நிறுத்தச் சொன்னார். "அவன் பொண்டாட்டி, திருவிழாவுல இருக்கான்னுல்ல நெனச்சிட்டிருக்கும்."

அவர் வீடு சிதம்பரத்தில். என் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. கடலூர், கிள்ளை எல்லாம் சுற்றித் துப்பறிந்து, பக்கத்து ஆளைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மேளக்காரர்கள் போய்ச் சொல்லிவிட்டார்கள். போலீஸிடமும் அவர்களே பேசினார்கள், மாரடைப்பாம். சாயங்காலம் பையைக் கொடுக்கக் கிளம்பினேன். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று சர்க்கரை போடப் போனேன். சாவு வீட்டுக்குச் சர்க்கரையா என்று கை நின்றது. வெறுமனே கொண்டுபோனேன்.

அவர் மனைவி வேட்டியைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"சாப்ட்டாரா? பசி தாங்க மாட்டாரு. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே சாப்புடுன்னு சொல்லித்தான் குடுத்தன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சாப்ட்டாரும்மா" என்றேன். தொண்டையைச் செருமாமல் நான் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு உடலைக் கொண்டுவந்து, இரண்டு மணிக்கு எடுத்தார்கள். நான் கடையில் இருந்தேன். என் டப்பாவை ஸ்டேஷனில் அன்றும் தரவில்லை.