தூசிக்கு ஒரு வெல்லக்கட்டி

என் அப்பாவின் இடுப்பு மடியில் எப்போதும் ஒரு வெல்லக்கட்டி இருக்கும். ஆசைக்காக அல்ல. அரியலூர் ஸ்டேஷனில், சிமெண்ட் ஆலைகளுக்கு வரும் நிலக்கரியை வேகனிலிருந்து இறக்கும் லோடுமேன் அவர். வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லத்தை மென்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் படிந்த கரித்தூள் இறங்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். எங்கள் வீட்டில் வெல்லம் மளிகைச் சாமான் அல்ல, மருந்து. நான் கை வைத்தால் அம்மா முறைப்பாள். வெல்லம் இறங்கியதே தவிர இருமல் இறங்கவில்லை. காலையில் அப்பா இருமினால் தெருவே எழுந்துகொள்ளும். அலாரம் வாங்கும் செலவு எங்கள் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை.

நான் பெரம்பலூரில் டிப்ளமோ முடித்த ஆண்டு, தெற்கே கடலோரத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்துக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்க ஓர் அதிகாரி கல்லூரிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனியளவு உருளை. யுரேனிய எரிபொருளின் மாதிரி அது. நிஜமான ஒன்று ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்யும், புகையே வராது என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு டன் என்றால் என்னவென்று அந்த வகுப்பில் வேறு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அது அப்பாவின் முதுகு.

வேலை கிடைத்தது. வீட்டில் சண்டையும் தொடங்கியது.

"பொம்பளப் புள்ளய குண்டு செய்யற எடத்துக்கு அனுப்புறதா? நாளைக்கு எவன் கட்டிப்பான்?" என்றாள் அம்மா.

"குண்டு இல்லம்மா, கரண்டு!" என்று கத்தினேன். பொறுமைக்கும் எனக்கும் அன்றும் இன்றும் ஆகாது.

எனக்குப் பயம் அப்பாவிடம்தான். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதற்குமேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

அன்று மாலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் வெல்லத்தை வாங்கினேன். சுண்டுவிரல் நுனியளவுக்கு உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இத்துனூண்டுதாம்ப்பா. ஒரு டன் கரிக்குச் சமம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் ரேகைகளில் கரி போகாத கை அது. அந்தத் துண்டை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, கோயிலில் விபூதி வாங்கியவர்போலக் கையைக் குவித்துக்கொண்டார்.

"சாம்பலு?"

"சாம்பல் இல்லப்பா. ஆனா எரிஞ்சு முடிஞ்சது ரொம்ப ஆபத்து. கிட்டவே போவ முடியாது. பல தலைமுறைக்குப் பூட்டி வச்சுக் காவல் காக்கணுமாம்." அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" என்று அம்மா குறுக்கே புகுந்தாள்.

அப்பா அவளைக் கையமர்த்தினார். "இத்துனூண்டுக்கு அவ்ளோ காவலா!" என்றார். பயந்தவர் குரல் இல்லை அது. மலைத்துப் போயிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் மறுபடி சிலிர்த்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்க வேல செய்யறவங்க இருமுவாங்களா பாப்பா?"

"அங்க கரித்தூளே கெடையாதுப்பா."

"அப்பப் போயிட்டு வா."

நான் கிளம்பிய அன்று வேகன் வந்திருந்தது. இறக்கிய கையோடு, கண்ணும் பல்லும் மட்டும் வெளுப்பாக, பிளாட்பாரத்துக்கு ஓடிவந்தார். என் வெள்ளைத் துப்பட்டாவைத் தொடாமல் எட்ட நின்றே ஒரு காகிதப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். பிரித்தால் வெல்லம்.

"அங்கதான் தூசியே இல்லன்னு சொன்னேனே, இது எதுக்குப்பா?"

வண்டி நகர்ந்துவிட்டது. இருமிக்கொண்டே கூட நடந்தார்.

"அதான் பாப்பா. நீ இனிப்புக்குத் தின்னு."