கராஜுக்குத் தனி லைன்

கணவரும் நானும் பிரிவதென்று முடிவாகிக் கொஞ்ச நாட்களிலேயே அவருடைய வீட்டார் லொறியோடு வந்துவிட்டார்கள். அலுமாரி, மேசை, கதிரைகள் எல்லாம் போய்க் கடைசியாகக் கட்டிலும் போனது. அதைக் கழற்றத் தெரியாமல் வாசலில் சரித்துச் சரித்து இழுத்தார்கள். நிலையில் இடித்து ஒரு கால் பிளந்தது. தேக்கு என்று சொல்லி வாங்கிய கட்டில். உள்ளே வெளிறிய மலிவுப் பலகை, மேலே சாயம். இத்தனை வருடம் இதன் மேலா படுத்திருந்தேன் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மாலையில் அண்ணன் வந்தார். வெறும் தரையில் கிடந்த பாயைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கே கடையில ஒரு கட்டில் சொல்லி அனுப்புறன்."

"வேண்டாம் அண்ணா. நானே செய்யப்போறன்."

"கந்தோரில கொம்பியூட்டர் தட்டுற உனக்கு உளியை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு தெரியுமே?"

"தெரியாது. பழகுவன்."

"சனம் சிரிக்கும்."

"இப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கினம்."

காரையும் கணவர் கொண்டுபோயிருந்ததால் கராஜ் காலியாகக் கிடந்தது. ஓர்ஸ் ஹில் குன்றுச் சரிவில் இருக்கிற வீடு. கராஜ் கதவைத் திறந்தால் உள்துறைமுகத்துத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். துறைமுகத்தில் கழித்துவிடும், சாமான் அடுக்குகிற மரத்தட்டுகளின் பலகைகளை வாங்கிவந்து, வேலை முடிந்த பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அறுத்துப் பழகினேன். கைவாளால் தடித்த மரத்தை நேராக அறுக்க என் தோளுக்கு ஏலவில்லை. மெசின் ஒன்று வேண்டும்.

கிண்ணியாவில் நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவர் தளபாடக் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசை நடுவில் வட்ட வாள் பொருத்திய மெசின் ஒரு மூலையில் சாக்கால் மூடிக் கிடந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுக்காரர வந்து பாக்கச் சொல்லுங்க தங்கச்சி."

"வீட்டுக்காரர் இல்லை, நானா. வாங்கிறது நான்தான்."

"இது தையல் மெசின் இல்ல. விரலக் கேக்காமலே எடுத்துரும்." இடது கையைக் காட்டினார். சுட்டுவிரல் பாதியில் நின்றது.

"அது எப்பிடிப் போனதெண்டு சொல்லுங்கோ. எனக்குப் போகாமல் பாத்துக்கொள்ளுறன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சுவிட்சை நிறுத்திய பிறகு, வாள் சுற்றி ஓயும் முன்னம், சிக்கிய சின்னத் துண்டு ஒன்றைக் கையால் தட்டப்போனாராம். அவ்வளவுதான். பிறகு அவரே எழுந்து வாளின் மூடியைத் துடைத்துக் காட்டினார். வாளுக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது, மரம் திருப்பி அடிக்கும். கடைசித் துண்டைக் கையால் அல்ல, ஒரு கட்டையால் தள்ள வேண்டும் என்றார். விலை பேசி முடிந்ததும் மெசினை அவருடைய ஆட்களே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டில் நீட்டு வயர் ஒன்றைச் சுருளோடே வைத்து மெசினைப் போட்டேன். ஒரு பலகை அறுக்குமுன் றப்பர் கருகும் மணம். வயர்ச்சுருள் கை வைக்க முடியாத சூடு. சுருளை விரித்துவைத்துப் போட்டால் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது. அதற்கும் வீடியோ பார்த்துவிட்டு, அடுத்த நாள் கரண்ட் வேலை செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

"பெரிய பிரேக்கர் ஒண்டு மாத்திவிட்டாச் சரி அக்கா," என்றார்.

"பிரேக்கரைப் பெருசாக்கினா வயர் பெருசாகுமே தம்பி?"

"எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

"அப்ப வயர் சுவருக்குள்ள எரியும், பிரேக்கர் சும்மா இருக்கும். எனக்கு மெயினில இருந்து கராஜுக்குத் தனி லைன் வேணும். நல்ல தடிச்ச வயர். ஒழுங்கான ஏர்த்."

அவர் சிரித்தார். "ஆம்பிளையள் ஆரும் இருந்தாக் கூப்பிடுங்கோ. விளங்கப்படுத்திறன்."

எனக்குக் காது சுட்டது. அண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஒரு கோல் எடுத்தால் வந்திருப்பார். எடுக்கவில்லை.

"வீடு என்ர பேரில இருக்கு. எரிஞ்சா உள்ளுக்க இருக்கிறதும் நான்தான். எனக்கு விளங்கப்படுத்துங்கோ. ஏலாதெண்டா வேற ஆளைப் பாக்கிறன்."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேறு இருவரைக் கேட்டேன். அவர்களும் பெரிய பிரேக்கர் என்றே சொன்னார்கள். மெசினைச் சாக்கால் மூடிவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் கிழமை முடியுமுன் முதலாமவரே மோட்டார்சைக்கிளில் தடித்த வயர்ச்சுருளோடு வந்து இறங்கினார். "நீங்க கேட்ட தடிப்புத்தான் அக்கா," என்று சுருளைக் காட்டினார். ஏர்த் கம்பி நிலத்துக்குள் கல்லில் முட்டி இறங்க மறுத்தது. இடம் மாற்றி மாற்றி அடித்து, மீற்றர் வைத்துச் சோதித்து, என்னைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார். மெசினைப் போட்டேன். வீட்டு மின்விசிறி வேகம்கூடக் குறையவில்லை.

பிறகுதான் உண்மையான தோல்விகள் தொடங்கின. ஒரு கட்டையின் நுனியை நாக்குப்போல அறுத்து, மற்றதில் குடைந்த துளைக்குள் இறுக்க வேண்டும். என் முதல் நாக்கு துளைக்குள் ஆடியது. அண்ணன் வந்து பார்த்தார். "ரெண்டு ஆணி அடி. முடிஞ்சுது." அடிக்கவில்லை. கட்டிலுக்கென்று வாங்கிய அந்த முதிரை மரக்கட்டையை ஒதுக்கிவைத்து, அடுத்ததை ஒரு மயிரளவு தடிப்பாகவே அறுத்து, உளியால் சீவிச் சீவிப் பொருத்தினேன். கையால் தட்ட உள்ளே போக வேண்டும். கையால் இழுத்தால் வரக்கூடாது. அந்த இறுக்கம் கைக்குப் பிடிபட மாரிக்காலம் வந்துவிட்டது. உப்புக்காற்றில் மெசின் மேசை துருப்பிடிக்க, எண்ணெய் பூசினேன். ஈரத்தில் பலகைகள் ஊதின. படுக்கைப் பலகைகளை நெருக்காமல் இடைவெளி விட்டு அடுக்கவேண்டும் என்பதை மாரிதான் எனக்குச் சொன்னது.

கட்டில் எழுந்து நின்ற அன்று தலைமாட்டுப் பக்கம் ஒரு பொருத்தில் நகக்கண் அளவு வெளி தெரிந்தது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருக்கலாம். விட்டுவிட்டேன். பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, குறுக்கே, நடுவில், விரும்பியபடி படுத்தேன்.

அண்ணன் வந்து விளிம்பில் பாரமாக இருந்து ஆட்டிப்பார்த்தார். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை.

"சரி, செய்திட்டாய். இனி அந்த மெசினை வித்துப்போடு. பிறகு ஒரு கலியாணப் பேச்சு வரேக்க, கராஜில மெசினை வைச்சிருக்கிற பொம்பிளையெண்டால் ஆர் வருவினம்?"

"பயப்பிடுறவை வரவேண்டாம் அண்ணா."

அவர் தேத்தண்ணி குடிக்காமலே எழுந்தார். அவர் கேற்றைத் தாண்டும் முன்னமே கராஜ் கதவை அகலத் திறந்து மெசினைப் போட்டேன். சாப்பாட்டு மேசைக்குக் கால்கள் அறுக்க வேண்டியிருந்தது.