உபதேசியார் சொன்ன பொய்

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அன்புச்செல்வன் பதினாறு வருஷம் உபதேசியாராக இருந்தார். பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. நோயாளிகள் பெரும்பாலும் இந்துக்கள். கேட்டால் மட்டும் ஜெபிப்பார். மற்றபடி கஞ்சி ஊட்டுவார், சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக் கொடுப்பார்.

போன தை மாதம் ரிஷிவந்தியத்திலிருந்து தெய்வசிகாமணி என்ற கரும்பு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். ஈரல் முழுக்கப் புற்றுநோய். அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று மகன் கவியரசன் வராந்தாவிலேயே உபதேசியாரிடம் சொல்லிவிட்டான். அவரும் சம்மதித்தார்.

மூன்றாம் நாள் தெய்வசிகாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிமலைல எம் பொண்ணு கீறா. மலைக்காரனக் கட்டிக்கினான்னு எட்டு வருசமா பேசல. நான் போயிடுவன்னா இப்பவே வரச்சொல்லணும். பொழைச்சுக்குவன்னா கரும்பு வெட்டு முடிஞ்சதும் நானே போய்ப் பாத்துக்கறேன். நீங்க பொய் சொல்லமாட்டீங்க. சொல்லுங்க."

"சரியாயிடும்ங்க" என்றார் அன்புச்செல்வன்.

தெய்வசிகாமணி நிம்மதியாகக் கண்ணை மூடினார். நாலு நாளில் செத்துப்போனார்.

காரியம் முடிந்த பிறகு மகள் செந்தமிழ்ச்செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை.

"எங்கண்ணன் சொல்லமாட்டான், அது தெரியும். அதனாலதான அப்பா உங்கள கேட்டாரு?"

 கேட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்று மதியம் அவருக்கு வார்டுக்குள் நுழையவே கூசியது.

இரண்டு மாதம் கழித்து, எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த பாப்பாத்தி என்ற கூலிக்காரப் பெண் அதையே கேட்டாள். இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை. டாக்டர் சொன்னதை மெதுவாக, முழுசாகச் சொன்னார். அவள் ஒரு பகல் பூராவும் அழுதாள். மறுநாள் தன் தங்கையை வரவழைத்து, பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தாள்.

பாப்பாத்தியின் புருஷன் நேராக ஆபீசுக்குப் போனான். நோயாளியைப் பயமுறுத்திச் சாகடிக்கிறார் என்று எழுதிக் கொடுத்தான். நிர்வாகம் விசாரித்தது. பாப்பாத்தியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இனிமேல் வார்டுக்குப் போவதில்லை என்று அன்புச்செல்வனிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

இப்போது கீழே டோக்கன் எழுதுகிறார். தெய்வசிகாமணியிடம் சொன்ன பொய்க்காக அவர்மேல் இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.