அண்ணியின் வேலையை எழுதியவள்

அலுவலகத்தில் அவளுக்கு 'மெதுவா' என்று பெயர். யாராவது தங்கள் வேலையை மளமளவென்று விளக்கத் தொடங்கினால், கையை லேசாக உயர்த்தி, "மெதுவா, மெதுவா சொல்லுங்க" என்பாள். கேலிக்கு வைத்த பெயர்தான். நாளடைவில் மேலாளர்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. ரத்தத்தைச் சோதிக்கும் மிஷின் எண்களாகத் துப்பும். அந்த எண்கள் நோயாளியின் பெயரோடு சேர்ந்து ஒழுங்கான ரிப்போர்ட்டாக வெளியே வர வேண்டும். நடுவில் இருக்கும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது மெதுவாவின் வேலை. வருஷக்கணக்கில் எழுதினாள். ஒருவரும் படிக்கவில்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கும் கேள்வியைக் கேட்டு ஆட்கள் போன் செய்வார்கள். "கையேட்டுல இருக்குங்க" என்றால், "அது இருக்கட்டும், நீங்க சொல்லுங்க" என்பார்கள். சுவருக்குச் சொன்னாலாவது எதிரொலி கேட்கும் என்று அவள் தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அண்ணி. கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவளை, "உள்ள வா, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனது அண்ணன் இல்லை, அண்ணிதான். "நாத்தனார வீட்டோட வச்சுக்கறது மடியில நெருப்பைக் கட்டிக்கற மாதிரி" என்று பக்கத்து வீட்டுக்காரி எச்சரித்தபோது, "இருக்கட்டுமே, குளிருக்கு ஆகும்" என்று அண்ணி சிரித்தாராம். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். தான் வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே பேசி இடம் பிடித்தும் கொடுத்தார்.

அண்ணி அங்கே மிஷின் இணைப்புப் பிரிவில் இருந்தார். ஒரு பரிசோதனைக் கூடம் புது மிஷின் வாங்கினால், அது பேசுகிற பாஷையை நிறுவனத்தின் மென்பொருளுக்குப் புரியவைக்க நிரல் எழுத வேண்டும். ஒரு மிஷின் சுழியம் என்று அனுப்பினால் நிஜமாகவே சுழியம் என்று அர்த்தம். இன்னொன்று சுழியம் அனுப்பினால் அளக்கவே முடியவில்லை என்று அர்த்தம். இரண்டையும் குழப்பிக்கொண்டால், நன்றாக இருப்பவன் நோயாளி ஆவான், நோயாளி வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணியின் பிரிவில் அவரையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வார்கள்.

அப்புறம் ஏஜென்ட் என்கிற செயற்கை நுண்ணறிவு வந்தது. என்ன வேண்டும் என்று சொன்னால் அதுவே நிரல் எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழையையும் திருத்திக்கொள்ளும். கெட்டிக்கார மருமகள் புதிதாக வந்த மாதிரி இருந்தது நிலைமை. வேலை தெரியும், ஆனால் இந்த வீட்டு வழக்கம் தெரியாது. அந்த வழக்கத்தை எழுதிக் கொடுப்பதற்குத்தான் ஸ்கில் என்று பெயர். எந்த வேலைக்கு இது, எதை முதலில் செய்வது, எங்கே கால் இடறும் என்று சாதாரண வாக்கியங்களில் ஒரு விளக்கம். கூடவே சில மாதிரிகள். சரிபார்க்க ஒரு குட்டி நிரல். அந்த வேலை வரும்போது ஏஜென்ட் தானாகவே அதைத் திறந்து படித்துக்கொள்ளும். ஒருமுறை எழுதிவிட்டால் நிறுவனத்தின் எந்தக் கிளையிலும், ஏன் வெளி நிறுவனத்திலும்கூட, எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்கில் எழுதும் வேலையை மேலாளர் மெதுவாவிடம் கொடுத்தார். "உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து, என்ன பண்றாங்கன்னு கேட்டு எழுதுங்க."

முதலில் சின்னதாக ஒன்று எழுதினாள். மென்பொருள் காட்டும் பிழைச் செய்தியை எப்படி எழுத வேண்டும் என்பது பற்றி. 'பயன்படுத்துபவரைத் திட்டாதே, என்ன ஆனது, அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். மறுநாள் காலையில் ஏஜென்ட் எழுதியதைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு செய்தியும் அவள் சொன்னபடியே இருந்தது. ஒரு வரியைக்கூட அது படிக்காமல் தாண்டிப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தது அது ஒன்றுதான்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் நிறைய எழுதினாள். நன்றாகவும் எழுதினாள். மற்ற கிளைகளில் இருந்து பாராட்டு வந்தது. வீட்டில் சாப்பிடும்போது அவள் அதையெல்லாம் சொல்ல, அண்ணி கேட்டுக்கொண்டிருப்பார். "பரவால்லையே, உன் மாமியாருக்கு வாய்க்காத அறிவு அதுக்கு இருக்கு" என்று ஒருநாள் சொன்னபோது அண்ணன்கூடச் சிரித்துவிட்டான்.

மிஷின் இணைப்பை ஸ்கில்லாக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னபோது, அது அண்ணியின் வேலையாயிற்றே என்று அவளுக்குத் தோன்றியது. அன்று மாலை பஸ்ஸில் அண்ணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எழுதிடு" என்றார் அண்ணி. "வேற யாராவது எழுதினா அரைகுறையா எழுதுவாங்க. எனக்கும் மணிக்கட்டு வலி தாங்கல. பாதிச் சுமை குறைஞ்சா நல்லதுதானே."

"பாதிதான் குறையும்னு நினைக்கறீங்களா அண்ணி?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நினைச்சா மட்டும் என்ன பண்ணப்போறோம்?"

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணியின் வேலை என்ன ஆகும் என்று தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு இடத்தில் நின்றுகொண்டுதான் வேலையை ஆரம்பித்தார்கள்.

அந்த மழைக்காலம் முழுக்க, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெதுவா தன் நாற்காலியை அண்ணியின் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. அண்ணி ஒரு எண்ணைக் காட்டி, "இது சரியில்ல" என்பார்.

"ஏன்?"

"பாத்தாலே தெரியுது."

"மெதுவா அண்ணி. எதைப் பாத்தா தெரியுது?"

அண்ணி யோசிப்பார். தனக்குள் எப்போதோ படிந்துபோன ஒன்றைத் தோண்டி வெளியே எடுப்பது அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்த பிறகு ஒரு பூரிப்பு. "அடடா, இதுக்காகத்தான் நான் இப்படிப் பண்றேனா?" என்று ஒருமுறை தன்னையே கேட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் வாழ்க்கையில் அதைவிட நல்ல மத்தியானங்கள் இருந்ததில்லை என்று மெதுவா பிற்பாடு நினைத்துக்கொள்வாள். நினைத்தபோதெல்லாம் வலித்தது.

ஸ்கில் தயாரானதும், ஒரு கூடத்துக்கு வந்த புது மிஷினை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அண்ணிக்கு ஒரு வாரமாவது பிடிக்கும் வேலை. காலையில் கொடுத்ததை ஏஜென்ட் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டது. அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். மேலாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "சரியா இருக்கு" என்றார் அண்ணி. எழுந்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனார். அன்றைக்கு அவர் சாப்பிட்டிருக்கவே இல்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுவதற்குள் எல்லாக் கிளைகளும் அந்த ஸ்கில்லை எடுத்துக்கொண்டன. அண்ணியின் பிரிவு மூடப்பட்டது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினாராம். நல்ல வார்த்தை எழுதிச் சான்றிதழ் கொடுத்தாராம். மேஜையில் இருந்த டீ கப்பையும் ஒரு சின்னப் போர்வையையும் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாவின் மேஜையைக் கடந்துதான் அண்ணி வெளியே போனார். "சாயங்காலம் வரும்போது தயிர் வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனால் அப்படி இருக்க முடியவில்லை. "வளர்த்த கடா மாருல பாஞ்ச கதையால்ல இருக்கு" என்றான். "பக்கத்துலயே உக்காந்து, கேட்டுக் கேட்டு, அவ வயித்துல அடிச்சிருக்க."

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு. நீ சொல்லுவ. இவளுக்கு எங்க போச்சு புத்தி?"

 மெதுவா என்ன சொன்னாலும் அது அவளுடைய சம்பளத்துக்காகச் சொன்ன மாதிரிதான் இருக்கும்.

அண்ணி வேலை தேடினார். கேட்ட இடத்திலெல்லாம் அதே மாதிரி ஏஜென்ட், அதே மாதிரி ஸ்கில். ஒரு இடத்தில் அவரைப் பார்த்தவர், "இந்த வேலைக்கு எங்ககிட்ட ரொம்ப நல்ல ஸ்கில் ஒண்ணு வந்திருக்கு மேடம்" என்று பெருமையாகச் சொன்னாராம். எங்கிருந்து வந்தது என்று அண்ணி கேட்கவில்லை.

சமையலறையில் இருவரும் தனியாக இருக்கும்போது மட்டும், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் ஒன்று கேட்பார். "தப்பு ஏதாவது பண்ணுச்சா?"

"இல்ல அண்ணி."

சில நாள் கழித்து மறுபடியும். "இன்னும் ஒண்ணும் தப்பாகலையா?"

"இல்ல அண்ணி."

ஒருநாள் அண்ணியின் முகம் மிகவும் வாடிக் கிடந்தது. மெதுவாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தப்பு ஆச்சு அண்ணி" என்றாள். "அளவு மாறிப்போச்சு. யூனிட்டைத் தப்பாப் போட்டுடுச்சு."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கண்ணில் வெளிச்சம். "எந்த மிஷின்ல?"

"சர்க்கரை பாக்கற சின்ன மிஷின்."

"அதுலயா? அது யூனிட்டே அனுப்பாதேடி. நாம அதுக்குன்னு தனியா எழுதினோமே, எந்தக் கூடம்னு பாத்து நீயே போட்டுக்கோன்னு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "பொய் சொல்றியா?"

மெதுவா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது தப்புப் பண்ணினா யாரோ ஒரு நோயாளிக்குத் தப்பான ரிப்போர்ட் போயிருக்கும்" என்றார் அண்ணி, மிகத் தாழ்ந்த குரலில். "நீ சொன்னதும் எனக்கு அந்த நோயாளி ஞாபகம் வரல. சந்தோஷம்தான் வந்துச்சு. என்னை என்னவா ஆக்கி வச்சிருக்கு பாரு."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்து அழுதார். மெதுவா அருகில் போய் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை. குழாயை யாரும் நிறுத்தவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அதன்பிறகு அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் மெதுவா வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போக வேண்டாம் என்று அண்ணி சொன்னார், அண்ணன் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அண்ணிக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றுகொண்டு சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. மணிக்கட்டு வலி போய்க் கால்வலி வந்தது. மெதுவாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அதே மேஜையில், அதே மரியாதையோடு, ஒவ்வொரு பிரிவாகப் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாலே ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் வேண்டுமென்றே சுருக்கமாகச் சொல்கிறார்கள். "மெதுவா" என்று கையை உயர்த்த அவளுக்கு மனம் வருவதில்லை.

ஒருநாள் ஏஜென்ட் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தியது. புதுக் கம்பெனி மிஷின் ஒன்று விநோதமான ஒரு குறியீட்டை அனுப்பியிருந்தது. ஊகித்து எழுதாமல், ஸ்கில்லில் சொல்லியிருந்தபடியே அது கேள்வி எழுப்பியிருந்தது: 'இது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இவரிடம் கேட்கவும்.' அதற்குக் கீழே அண்ணியின் பெயர்.

மெதுவா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தாள். இந்நேரம் மருந்துக் கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்தாள். சம்பளம் கொடுக்காத இடத்துக்காக அண்ணியிடம் இன்னும் எதைக் கேட்டு வாங்குவது என்றும் நினைத்தாள். போனை வைத்துவிட்டாள். மேலாளர் எட்டிப் பார்த்து, "இவங்கதான் இப்ப இல்லையே. பேரை மாத்திடுங்க" என்றார். அவள் மிஷின் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு, அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம் கேட்டு, ஸ்கில்லில் சேர்த்தாள். பிறகு அண்ணியின் பெயரை அழித்துவிட்டு, 'மேலாளர்' என்று போட்டாள். அழிப்பதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் டிவியை விட்டுத் திரும்பவில்லை. அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பிடித்து உதறிக் கொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள், "உங்க பேரை அதுலேருந்து எடுத்துட்டேன் அண்ணி."

"எதுலேருந்து?"

"அந்த ஸ்கில்லுலேருந்து. தெரியலைன்னா உங்களைக் கேக்கணும்னு எழுதியிருந்தேன்."

அண்ணி வாயில் ஒரு கிளிப்பைக் கடித்திருந்தார். அதை எடுத்துத் துணியில் மாட்டினார்.

"இவ்வளவு நாளும் அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரும் கூப்பிடலையே" என்றார் அண்ணி.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். மெதுவா ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி அதை அவள் கையிலிருந்து வாங்கி, ஒருமுறை தானே உதறி, கொடியில் போட்டுவிட்டு, அடுத்த துணிக்காக வாளிக்குள் குனிந்தார்.