சுல்தான் பீவி தூக்கிய அரிசிப் பைகள்

கேளம்பாக்கம் கடைத்தெருவில் கியாசுதீனின் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய மனைவி சுல்தான் பீவி. வயது ஐம்பத்து மூன்று. கடை சின்னதாக இருந்தபோது லோடு வந்தால் மூட்டை இறக்கியவரும் அவர்தான். வியாபாரம் பெருகி வேலைக்கு ஆள் போட்ட பிறகு, சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டுக் கல்லாவுக்கு மாறினார். காலையில் உட்கார்ந்தால் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் எழுவது. சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகிறது.

போன தீபாவளி சமயத்தில் எடுத்த மூன்று மாத சர்க்கரைச் சராசரி 8.9 என்று வந்தது. டாக்டர் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஊசிக்கு அவர் பயப்படவில்லை. கேட்டது வேறு.

"ஊசி போட்டுகினு நோன்பு வெக்கலாமா டாக்டர்?"

"இந்த நிலைமைல வேணாம்மா. முடியாதவங்களுக்கு உங்க மார்க்கத்துலயே விலக்கு இருக்கே."

விலக்கு இருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து பிடிக்கிற நோன்பு. விட்ட நாட்களையும் பின்னால் பிடித்து ஈடு செய்தவர். பேசிப் பேசி ஒரு தவணை வாங்கினார். ரமலானுக்குள் எட்டுக்கு இறங்கினால் ஊசி இல்லாமல் மாத்திரையோடு நோன்பு வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சோற்றைக் குறைக்கச் சொல்லி, அடுத்த அறையிலிருந்த பிசியோதெரபிஸ்ட் ரெபேக்காளிடம் அனுப்பினார்.

நடந்தால் மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுத்தால் அது சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்றாள் ரெபேக்காள். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், வாரம் மூன்று நாள். கஷ்டமாகிற வரைக்கும் செய்யச் சொன்னாள். எத்தனை முறை என்று சொல்லவில்லை.

அந்தக் கணக்கை சுல்தான் பீவி தானே போட்டுக்கொண்டார். தொழுகை முடித்து விரல் மடக்கி ஓதும் தஸ்பீஹ் முப்பத்து மூன்று. அத்தனை வருடப் பழக்கத்தில் எதை எண்ணினாலும் விரல் அங்கேதான் போய் நிற்கும். பாட்டிலும் முப்பத்து மூன்று, நாற்காலியும் முப்பத்து மூன்று. வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, மனசுக்கு மட்டும் நிறைவாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

ரெபேக்காள் தன் முன்னால் செய்யச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நிறுத்தவே மாட்றீங்க?"

"இரு பாப்பா, இன்னும் பதினொண்ணு கீது."

"யாரு சொன்ன கணக்கு இது?"

"யாரும் சொல்லல. தஸ்பீஹ் கணக்கு."

"நல்லவேள, எங்க மாமியார் ஜெபமால கணக்க நீங்க புடிக்கல. அது அம்பத்து மூணு" என்று சிரித்தாள் ரெபேக்காள். "முப்பத்து மூணு தடவ தூக்க முடிஞ்சா வெயிட்டு பத்தலம்மா. பத்து போதும். கடைசி ரெண்டுல கை நடுங்கணும். மூச்ச மட்டும் அடக்காதீங்க."

அன்றிலிருந்து கடைச் சரக்கில் கை வைத்தார். தலைக்கு மேல் தூக்க இரண்டு கிலோ பருப்புப் பாக்கெட்டுகள். மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ ஐந்து கிலோ அரிசிப் பை. முதல் வாரம் முக்காட்டை இழுத்துவிடக்கூடக் கை எழவில்லை.

"விக்கிற சரக்கு அது. இப்படிக் கசக்கினா எவன் வாங்குவான்?" என்றார் கியாசுதீன்.

"வூட்டுக்கு ஆக்கிக்கலாம்."

"சோத்தக் கொறைக்கச் சொன்னாரே டாக்டர்."

"அதான் தூக்குறேன். தின்னவா செய்றேன்?"

பத்துப் பத்தாக மூன்று சுற்று. பத்தாவது சுலபமாக வந்தால் பை மாறும். பொங்கல் தாண்டியதும் பத்து கிலோப் பைக்கு வந்திருந்தார். இடையில் ஒரு நாள், தூக்கிய கையோடு மீட்டரில் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. பதறிப் போய் போன் போட்டார். கஷ்டப்பட்டுத் தூக்கும்போது உடம்பே கொஞ்சம் சர்க்கரையை அவிழ்த்துவிடும், மறுநாள் காலையில் பாருங்கள் என்றாள் ரெபேக்காள். காலையில் இறங்கியிருந்தது.

ரமலானுக்கு ஒரு வாரம் முன்பு 8.1 என்று வந்தது.

"எட்டுன்னு சொல்லியிருந்தேன்" என்றார் டாக்டர்.

"ஒரு புள்ளிக்கா நோன்ப வுடச் சொல்றீங்க?"

டாக்டர் மாத்திரைகளின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். எடை தூக்குவது நோன்பு திறந்த பிறகுதான். சாயங்காலம் மீட்டரில் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும். சரி என்று வாக்குக் கொடுத்தார் சுல்தான் பீவி. விரலைக் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் இமாமிடம் கியாசுதீன் கேட்டு வந்தார்.

பாதி மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு சாயங்காலம் கல்லாவில் விரல் நடுங்கியது, கழுத்து வியர்த்தது. மீட்டர் 64 காட்டியது.

"நோன்பு தொறக்க இன்னும் ஒரு மணி நேரந்தான் கீது. தாங்குவியா?" என்றார் கியாசுதீன்.

"தாங்குவேன். ஆனா டாக்டர்கிட்ட வாக்கு குடுத்துட்டு வந்துகிறேனே."

கடைச் சர்க்கரையில் ஒரு கை அள்ளி, தண்ணீரில் கரைத்து, பிஸ்மி சொல்லிக் குடித்தார். கியாசுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணு போச்சே" என்றார்.

"பெருநாள் கழிச்சிப் புடிச்சிக்குவேன். எங்க போவப் போவுது?"

மிச்ச நோன்புகள் தடங்கலில்லாமல் முடிந்தன. பெருநாளுக்கு அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை, விட்டதைப் பிடித்தார். தெருவில் அன்று எல்லாருக்கும் சாதாரண நாள். டீக்காரர் வழக்கம்போல கல்லா மேசையில் சுல்தான் பீவியின் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனார். கியாசுதீன் அதை எடுத்துக் குடித்தார்.