ராக்கம்மாள் டீச்சர் பார்த்த தொடர்கள்

அன்று காலை ராக்கம்மாள் டீச்சரின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. டீச்சர் யாருக்கும் போன் பேசுவதில்லை. காது கேட்காமல் போன பிறகு எதுவானாலும் மெசேஜ் எழுதித்தான் அனுப்புவார். அவர் எண்ணிலிருந்து மணி அடிக்கிறது என்றால், அந்தப் போன் வேறு யார் கையிலோ இருக்கிறது என்று அர்த்தம். எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவருடைய மகன் செல்வம்தான் பேசினான். "வசந்தி அத்தை, அம்மா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து கெளம்பிட்டோம், வீட்டுக்கு வந்துருங்க" என்றான். அவன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கீரையை முழுக்க ஆய்ந்து முடித்து, தண்ணீர் ஊற்றி அலசி வைத்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவர் கணக்கு டீச்சர். கமுதிப் பக்கத்தில் மிளகாய் போடுகிற சம்சாரி வீட்டிலிருந்து படித்து வந்தவர். கரும்பலகையில் கணக்கைப் பாதி வரை போட்டுவிட்டு, "மிச்சத்த நீ சொல்லு" என்று யார் முகத்துக்கு நேராகவாவது சாக்பீஸை நீட்டுவார். அந்தச் சாக்பீஸுக்குப் பயந்து கடைசி பெஞ்சில் ஒளிந்தவர்கள் இப்போது பெரிய பெரிய வேலையில் இருக்கிறீர்கள். அதையெல்லாம் நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ராக்கம்மாள் அக்கா மாலையில் தொடர் பார்க்கிற ராக்கம்மாள் அக்கா. நான் அவரைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

நான் அதே பள்ளியில் தமிழாசிரியை. அவரைவிடச் சில வயது இளையவள். இராமநாதபுரத்தில் இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடுகள். என் கணவர் இறந்து, மகளும் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு என் வீட்டில் விளக்குப் போட்டால் ஒரு அறைக்கு மட்டும்தான். அக்காவுக்கு வீடு நிறைய ஆள் இருந்தது. மகன், மருமகள், பேரன், வந்துபோகிற சொந்தங்கள். ஆனால் ஐம்பதை ஒட்டி அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கி, ஓய்வு பெறுவதற்குள் முழுதாக அடைத்துவிட்டது. கருவி வாங்கிக் கொடுத்தார்கள். "இத மாட்டுனா பஸ் ஸ்டாண்டுக்குள்ள உக்காந்திருக்குற மாதிரி இருக்கு. இரைச்சல் கேக்குது, பேச்சு கேக்கல" என்று கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

அப்போதெல்லாம் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி, அதற்கு முன்னால் மொத்தக் குடும்பம். மாலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம்வரை வரிசையாகத் தொடர்கள் ஓடும். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு, "என்ன சொன்னா?" என்று கேட்பார். "அப்புறம் சொல்றேம்மா" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அடுத்த வசனம் போய்விடுமே என்ற அவசரம்தான். ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்: "காது போனதக்கூடத் தாங்கிக்கிட்டேன் வசந்தி. இந்த 'அப்புறம் சொல்றேன்' இருக்கு பாரு, அதான் தாங்க முடியல. அந்த அப்புறம் வரவே வராது."

அதைக் கேட்ட பிறகுதான் நான் அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு எதிரே, தொலைக்காட்சிக்குச் சற்றுப் பக்கவாட்டில் ஒரு முக்காலி போட்டு உட்காருவேன். வசனம் காதில் விழ விழ, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வேன். அவர் என் உதட்டை ஒரு கண், திரையை ஒரு கண் பார்ப்பார். "நடிக்கிற பிள்ளைகளோட உதட்டையே பாத்தா என்ன?" என்று கேட்டேன். "அதுக எங்க தமிழ் பேசுது? வாய் ஒரு பாஷ பேசுது, அழுக மட்டும்தான் தமிழ்ல வருது" என்றார். அத்தனை வருடம் நான் தொடர்களைக் கேட்டேனே தவிரப் பார்த்ததில்லை. திரை என் முதுகுப் பக்கம் இருந்தது. மாமியார் விஷம் வைத்ததையும், தொலைந்துபோன தங்கை திரும்பி வந்ததையும் அக்காவின் முகத்தில்தான் பார்த்தேன். அந்த முக்காலி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உலகத்தில் ஒருவருக்காவது நான் மாலை ஆறரைக்கு வந்தாக வேண்டும்.

பிறகு காலம் மாறியது, உங்கள் வீடுகளிலும் மாறியிருக்கும். கூடத்துத் தொலைக்காட்சி சும்மா கிடந்தது. செல்வம் ஒரு மூலையில் கிரிக்கெட், மருமகள் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு தொடர், பேரன் மாடியில். ஆளுக்கொரு திரை. அம்மாவுக்கும் இருக்கட்டும் என்று செல்வம் பெரிய திரையுள்ள ஒரு டேப்லெட் வாங்கி, வெளிநாட்டுத் தொடர்கள் வருகிற செயலி ஒன்றைப் போட்டு, கீழே எழுத்து வரும்படி செய்து கொடுத்தான். மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய அந்த உரத்த குரலில், "ஏத்தா, இங்கன வா, இதப் பாரு! பேசுறத மட்டும் எழுதல. கதவு தட்டுறத எழுதுறான். நாய் குலைக்குறத எழுதுறான். காத்து அடிக்குதுன்னு எழுதுறான் வசந்தி! எனக்கு யாரு இதுவரைக்கும் காத்து அடிக்குதுன்னு சொன்னா?" என்றார். உண்மைதான். நான் வசனத்தைத்தான் சொன்னேன். கதவு, நாய், காற்று எல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த டேப்லெட் மீது எனக்குப் பொறாமை. அவருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அந்த எழுத்துகளை ஓட ஓட வாசித்துவிடுவார். இனி முக்காலி எதற்கு? ஒருநாள் தலைவலி என்றேன், ஒருநாள் ஆர்.எஸ்.மங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பிறகு சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டேன். என் வீட்டுத் தொலைக்காட்சியைப் போட்டால் பழைய தொடர்கள் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எனக்காக மட்டும் கேட்பது சலிப்பாக இருந்தது. அந்த நாட்களில் என் குரலை நானே கேட்டது பால்காரரிடம் பேசும்போதுதான்.

அந்தக் கோடையில் கமுதியிலிருந்து அவர் தம்பி ஒரு மூடை குண்டு மிளகாய் அனுப்பியிருந்தார். மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் டேப்லெட்டோடு காவல் உட்கார்ந்திருந்தார் அக்கா. மத்தியானம் திடீரென்று கிழக்கே கறுத்து இடி இடித்தது. ஊரே ஓடி ஓடித் துணியெடுத்தது. அக்கா மாடியில் மிளகாய் காயப் போட்டிருப்பதைக் காலையில் பால்காரர் சொல்லியிருந்தார். அவருக்கு இடி கேட்காதே. இரண்டு தெருவையும் ஓடிக் கடந்து மாடி ஏறினால், அக்கா குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார். முதல் தூறல் மிளகாயில் விழுகிறது. நான் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, "இருடி, கொலகாரன் யாருன்னு இப்பத் தெரிஞ்சுரும்" என்றார். பிறகுதான் வானத்தைப் பார்த்தார். இருவரும் மிளகாயைச் சாக்கில் அள்ளி, தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் எரிந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"நீ ஏன் வாரதே இல்ல?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் எழுத்து வந்துருச்சே" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் அவருக்கு என் உதடு தெரியவில்லை. கையை விலக்கிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எழுத்து கதையச் சொல்லும்டி. நான் 'அடப்பாவி'ன்னா திருப்பி 'அடப்பாவி'ன்னு சொல்லுமா?" என்றார்.

அன்று மாலையே மறுபடி போனேன். இப்போது முக்காலி கிடையாது. கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். தமிழில் பேசும் வசதி சில தொடர்களில் இருந்தது. போட்டுப் பார்த்தோம். "நீ முன்னாடி சிரிக்கிற, நான் பின்னாடி சிரிக்கிறேன். திரும்ப அந்தக் கூடம் மாதிரியே இருக்கு" என்றார். நானே சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் எதையும் சத்தத்தோடு பார்த்ததில்லை. நீளமான வரி வந்தால் அக்கா திரையில் விரல் வைத்து நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் வாசித்து முடித்தது என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அப்போதுதான் விரலை மறுபடி வைத்து ஓடவிடுவார். புரியாத சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் சொல்வார். இத்தனை வருடம் நான் அவருக்குச் சொன்னேன், இப்போது அவர் எனக்குச் சொன்னார்.

எந்தத் தொடர் நல்ல தொடர் என்பதில் அவருக்குக் கறாரான கணக்கு உண்டு. வாய் மூடி இருக்கத் தெரிந்தவர்கள் வருகிற தொடர்தான் நல்ல தொடர். பனி நாட்டில் வயதான போலீஸ்காரி ஒருத்தி, தனியாக உட்கார்ந்து முட்டை அவித்துத் தின்பாள். அதை முழுசாகக் காட்டுவார்கள். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்தது. ஒரு நாளைக்கு ஒரு பாகத்துக்கு மேல் பார்க்க விடமாட்டார். பேரன் ஒரே நாளில் ஒரு தொடரை முடித்துவிட்டு இறங்கி வந்தால், "கல்யாண வீட்டுல பாத்த ஆளு மாதிரி ஆயிப்போகும்டா. மறுநாள் பேர் ஞாபகம் இருக்காது" என்பார். ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குமே, அது அவருக்கு ஆகவே ஆகாது. "நம்ம இன்னும் அழுது முடிக்கல, அதுக்குள்ள அடுத்ததுங்குறான்" என்று திட்டிக்கொண்டே நிறுத்துவார். முடிந்த பிறகு இருவரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்தச் சும்மா இருப்பதற்காகத்தான் நான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியாக நாங்கள் பார்த்தது ஒரு தீவுக் கதை. மீன்பிடிக்கப் போன மகன் திரும்பவில்லை. அம்மா தினமும் துறைக்கு வந்து, வருகிற படகுகளைப் பார்த்துவிட்டுப் போகிறாள். "பாஷதான் வேற. பாம்பன்லயும் தொண்டியிலயும் நடக்குறதத்தான் எடுத்திருக்கான்" என்றார் அக்கா. இன்னும் சில பாகங்கள் பாக்கி இருக்கும்போது அவருக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பாகம்கூட முழுதாகப் பார்க்க முடியவில்லை, அவருக்குக் கண் சொருகியது. நானே விரல் வைத்து நிறுத்தினேன்.

அவர் கண்ணைத் திறந்து, "அந்தப் பய வந்தானா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலக்கா."

"நீ பாத்துரு. என்னால முடியல. மிச்சத்த நீ சொல்லு."

"அப்புறம் சொல்றேன்க்கா. இப்பத் தூங்குங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து எது வந்தது என்று எனக்கே உறைத்தது. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் முகக்கவசத்துக்குள் சிரித்தார். "நீயுமாடி?" என்றார். கேலியாகத்தான் சொன்னார். என் கையை எடுத்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். மறுநாள் காலையில்தான் அந்த அழைப்பு வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செல்வம் அந்த டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டான். "அம்மா ஒங்களோடதான அத்தை பாப்பாங்க" என்றான். பல நாள் தொடாமல் வைத்திருந்தேன். திறந்தால் அந்தத் தீவுக் கதைதான் முதலில் வந்து நின்றது, நான் விரல் வைத்து நிறுத்திய இடத்தில். போன வாரம் ஒரு நாளைக்கு ஒரு பாகமாகப் பார்த்து முடித்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் வேறு மாதிரிப் பார்க்க இனி வராது. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தச் சத்தமில்லாமைதான். எழுத்து வருகிறது, பாதி வாசிக்கும்போதே போய்விடுகிறது. நிறுத்த எனக்கும் விரல் இருக்கிறது. ஆனால் நான் வாசித்து முடித்தேனா என்று என் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. விட்ட வரியை மறுபடி பின்னால் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. அவன் வரவில்லை. கடைசிப் படகும் வந்துவிட்டது, அதிலும் அவன் இல்லை. எல்லோரும் வலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் துறையில் நிற்கிறாள். யாரும் எதுவும் பேசவில்லை. கீழே எழுத்து வந்தது, நிறுத்தி முழுசாக வாசித்தேன்.

காற்று அடிக்கிறது அக்கா.