ஒண்ணா ரெண்டா எடுத்த தீர்க்கமான முடிவு

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைத் தெரு மறந்து வெகுகாலமாகிறது. வருகிறவர் மூக்கில் காலிச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று வருடக்கணக்கில் கேட்டதில் அவரே ‘ஒண்ணா ரெண்டா’ ஆகிவிட்டார். ஊரார் வாயிலிருந்து இத்தனை முடிவுகளைக் கறந்தவர், சொந்த முடிவு என்று ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு சட்டை வாங்கப் போனால் கடைக்காரர் கதவை இழுத்து மூடும்வரை யோசிப்பார். கேட்டால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். உண்மைதான். நடக்காத காரியம் எப்படிச் சிதறும்?

இந்த லட்சணத்தில் அவர் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. துணி ஆலையில் தரம் பார்த்துக்கொண்டிருந்தவளை, வேறு ஊரில் திறக்கும் புது ஆலைக்குத் தலைமை மேற்பார்வையாளராக அழைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். வருடக்கணக்கில் அவள் காத்திருந்த நாற்காலி.

ஒண்ணா ரெண்டா தீர விசாரித்தார். போவதற்கும் அவரே வக்கீல், இருப்பதற்கும் அவரே வக்கீல், நீதிபதியும் அவரே, வாய்தா கொடுப்பதும் அவரே. வியாழன் மாலை மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார்.

"என்னதான் சொல்றீங்க மாப்ள?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு மச்சான்."

"ரெண்டு பக்கமும் வைக்கோல் இருந்தா மாடுகூட ஏதாவது ஒரு பக்கம் வாய வைக்கும்."

மனைவி சிரிக்கவில்லை. கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு கணவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு: அந்த ஊர்ல ஆலைப் பக்கம் வீடு பாக்கலாம். ரெண்டு: கடைத்தெருப் பக்கம் பாக்கலாம், உங்களுக்கும் ஒரு கண்ணாடிக் கடை கிடைக்கும். எது தெளிவு?"

"ரெண்டு," என்றார் பட்டென்று.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ‘இங்கேயே இருந்துவிடலாம்’ என்கிற லென்ஸை அவள் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏம்மா, இது அழுகுணி ஆட்டமில்ல?"

"ஆட்டந்தான். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. அதுவும் ஒரு பதில்தான். நான் கேட்டுக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். ‘வேண்டாம்’ என்ற சொல்லை உள்ளே தேடினார், அகப்படவில்லை. அங்கே பயம் மட்டும்தான் இருந்தது. இத்தனை நாளாக அதுதான் நியாயம் மாதிரி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாதாடியிருக்கிறது.

"போலாம்மா," என்றார்.

அவள் அந்த நிமிடமே ஆலைக்குப் போன் போட்டுச் சம்மதம் சொன்னாள்.

மறுநாள் கடை முதலாளியிடம் அவர் காரணங்களை அடுக்கினார்: அந்த ஊரில் காற்று சுத்தம், தண்ணீர் தித்திப்பு, ஜனங்களுக்குக் கண் கோளாறும் தாராளம்.

"அந்த ஊருக்குப் போயிருக்கியாய்யா?"

"இன்னும் இல்லீங்க. ஆனா முடிவு பண்ணியாச்சே, காரணம் இல்லாமயா இருக்கும்?"